ஏழுமலை ஆட இருந்த பாட்டு

அந்த அம்மா படியேறி வந்தபோது நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். கையில் மஞ்சள் துணிப்பை. வெறும் நெற்றி. பல வருஷம் பொட்டு இருந்த இடத்தில் மட்டும் தோல் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. என் அறையிலிருந்த கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கர்களையும் சத்தம் அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீதானா சுகந்தி?"

"ஆமாம்மா. உள்ள வாங்க."

"ஏனாத்தூர்லேர்ந்து வரேன். கண்டக்டர் ஏழுமல ஊட்டுக்காரி."

கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கித் தரையில் வைத்தார், குடிக்கவில்லை.

"சண்ட போட வரலமா. ஆளே பூட்டாரு, இனிமே சண்ட போட்டு இன்னா ஆவப்போவுது. தெனம் மத்தியானம் இங்க வந்துக்கினு இருந்தாராமே. எதுக்கு வந்தாருன்னு மட்டும் சொல்லிடு. பொய் சொல்லாத. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்கறேன்."

குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

தறிச் சத்தம் இல்லை

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் டான்ஸ் ட்ராக் செய்கிறவள். பாடகி இல்லை, வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. கல்யாண ரிசப்ஷனில், காலேஜ் விழாவில், ஆடி மாதத்து அம்மன் கோயில் திடலில் ஸ்பீக்கர் அதிர அதிர ஒன்று ஓடும், நீங்களும் காதைப் பொத்திக்கொண்டே காலால் தாளம் போடுவீர்களே, அதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உருவாக்குவது என் வேலை. தேவைப்பட்டால் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போய்ப் போட்டுவிட்டும் வருவேன்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு மின்னணு இசை செய்கிறேன் என்றதும் சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தறிச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி பீட்டாகப் போட்டீர்களா? ஏதோ இதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை போலக் கண்ணை விரித்துக் கேட்பார்கள். இல்லை சார், போடவில்லை. எங்கள் ஊரில் தறியைத் தவிர மிக்ஸி இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, வாய் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் கல்யாணம் செய்து, அது சரிப்படாமல், பிரிந்து வந்து செவிலிமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறவள். தனியாக இருக்கிற பெண்பிள்ளையின் வீட்டுக்கு ஒரு ஆண் தினமும் மத்தியானம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாயங்காலம் சட்டை நனைந்து வெளியே போனால் ஊர் என்ன பேசும்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பாட்டுச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் கதவைச் சாத்தினேன். அதை யாரிடம் போய் விளக்குவது?

சாவுக்கு ஆடிய கால்

ஏழுமலை முதல்முறை வந்தபோது வாசலில் நின்று, "இங்கதான் டான்சு செய்றாங்களா?" என்று கேட்டார். ஏதோ இட்லி மாவு விற்கிற இடமா என்று கேட்பது போல. ஒல்லியான ஆள், நரைத்த மீசை, கறுப்புப் பேண்ட். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக நின்று அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். நின்று நின்று வலது முட்டி போய்விட்டது. படியேறி வந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

விஷயம் இதுதான். ஒரே மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சின்ன வயதிலிருந்து அந்தப் பெண் நன்றாக ஆடுவாள். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

"ஸ்கூல்ல ஆடுனப்போ டூட்டி. காலேஜ்ல ஆடுனப்போ தீபாவளி ஸ்பெஷல் பஸ்ஸு. ஊர்ல இருக்கிற புள்ளைங்கள எல்லாம் நான்தான் ஆண்டுவிழாவுக்குக் கொண்டாந்து எறக்கிவிட்டேன். எம்பொண்ணு ஆடுனத மட்டும் பாக்கல." சொல்லிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "ரிசப்சன்ல அவ கையப் புடிச்சிக்கினு நானே ஆடிடலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு பாட்டு வேணும்மா. சினிமாப் பாட்டு வேணாம். எல்லாரும் அதான் போடறாங்க."

"ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

"சாவுல ஆடிருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க பக்கம் அப்படித்தான். சாவுன்னா மோளம் அடிச்சா கால் தானா போவும். கல்யாணத்துல ஆடுனா வெக்கமா இருக்குது" என்றார். பிறகு மிக முக்கியமான நிபந்தனையைச் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாது. மகளுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, குறிப்பாக மனைவிக்கு. "அவளுக்குத் தெரிஞ்சா ஏனாத்தூரு பூரா தெரிஞ்சிடும்மா. நீ சொல்லமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு."

கொடுத்தேன். அந்த நேரத்தில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஒரு டான்ஸ் ட்ராக்குக்கு முதலில் மெட்டு வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முதலில் வேண்டியது வேகம். நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டால்தான் மற்றதெல்லாம். பிறகு கிக். நெஞ்சில் வந்து விழுகிற அந்தத் தும் தும் தும் தும். அதற்குக் கீழே பேஸ் என்கிற அடிநாதம். கிக் விழும்போதெல்லாம் பேஸ் கொஞ்சம் அடங்கி வழிவிட வேண்டும், குறுகலான சந்தில் எதிரே ஆள் வந்தால் நாம் ஒதுங்கி நிற்பது போல. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டால் ஸ்பீக்கர் உறுமுமே தவிர யாருக்கும் கால் எழும்பாது. அதற்கு மேல் கைதட்டல், அதற்கு மேல் மெட்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், ஒரு இடத்தில் எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தி, கூட்டம் ஏங்கும்போது மொத்தத்தையும் ஒன்றாக இறக்குவோம். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் ஓவென்று கத்துகிற இடம் அதுதான்.

வழக்கமாக நான் போடுகிற வேகத்தைப் போட்டு அவரை ஆடச் சொன்னேன். பார்க்கவே பாவமாக இருந்தது. பாட்டு முன்னால் ஓடியது, மனிதர் பின்னால் ஓடினார். வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் ஒட்டவில்லை. கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு, "சாவுல எப்படி ஆடுவீங்க, அத ஆடுங்க" என்றேன்.

தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டுவது போல் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடினார். அழகாக ஆடினார். அது நேரான நாலு அடி இல்லை, நடுவில் ஒரு துள்ளல் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிதானித்து, பிறகுதான் காலை வைத்தார். ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகிய உடம்பு அது. வளைவு வருவதற்கு முன்பே சாய்ந்துவிடும்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரைப் பாட்டுக்கு ஆட வைக்க முடியாது. தையற்காரர் அளவெடுப்பது போல அவர் காலை அளவெடுத்துத்தான் பாட்டைச் செய்ய வேண்டும். கிக்கை அப்படியே விட்டு, அதற்கடியில் அந்தத் துள்ளலை உடுக்கைச் சத்தத்தில் ஓடவிட்டேன். கைதட்டலை ஒரு இம்மி பின்னால் தள்ளினேன், அவர் சாய்ந்து முடிக்கிற நேரத்துக்கு. கேட்கிறவர்களுக்குத் தாளம் லேசாகத் தள்ளாடுவதுபோல் இருக்கும். அவருக்கு அது சரியாக இருந்தது.

ஜலதோஷம் பிடித்த விசில்

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது எண்ணிக்கையில்தான். நாங்கள் எட்டு எட்டாக எண்ணுவோம். எட்டு முடிந்தால் அடுத்த ஆட்டம். ஏழுமலைக்கு எண்ண வராது. ஐந்து வந்ததும் கவனம் எங்கேயோ போய்விடும். ஆறிலேயே திரும்பிவிடுவார், இல்லையென்றால் பத்துக்குப் போய்விடுவார்.

"ஏன் சார், வாழ்நாள் பூரா டிக்கெட் கிழிச்சீங்க. எட்டு எண்ண வராதா?"

"டிக்கெட்டு வேறமா. எங்களுக்கு எப்ப நிக்கணும் எப்ப போவணும்னு எண்ணிக்கினா இருப்போம்? விசில் குடுப்போம்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். பித்தளை விசில், மஞ்சள் கயிறு. ரிட்டயர் ஆன பிறகும் பையிலேயே வைத்திருந்தார். "ஒரு விசில்னா நில்லு. ரெண்டு விசில்னா போ. டிரைவருக்கே இது போதும், எனக்குப் போதாதா?"

விசில் எல்லாம் பழைய காலத்து டான்ஸ் பாட்டில் வருவது, யாராவது கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று சொன்னேன். அவர் விசிலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மைக்கை எடுத்துக்கொண்டு அவரை மொட்டைமாடிப் படியில் நிறுத்தி ஊதச் சொன்னேன். ஹெட்போனில் காது கிழிந்துவிட்டது. ஸ்க்ரீனில் அளவு காட்டுகிற கோடு முழுக்கச் சிவப்பானது. பக்கத்துத் தெருவில் ஓர் ஆட்டோ நிஜமாகவே நின்றது.

அந்தக் கீச்சுக் குரலை மட்டும் கொஞ்சம் வெட்டி, சுற்றிலும் எதிரொலி சேர்த்து, மெருகேற்றிப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"இது என் விசில் இல்லமா. ஜலதோஷம் புடிச்ச விசில்."

பழையபடி மாற்றினேன். காதைக் கிழித்தால் கிழிக்கட்டும்.

பிறகு அந்த இடைவெளி. ஒரு விசில் வந்ததும் பாட்டு நிற்கும். அந்த நேரத்தில் அவர் எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றி, முட்டியை நீட்டி மடக்கி, மூச்சு வாங்கி, மகளின் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் பிடித்தது. டான்ஸ் பாட்டில் அவ்வளவு நீளமான நிசப்தம் விடக்கூடாது. கூட்டம் சிதறிவிடும், கரண்ட் போய்விட்டதென்று ஜெனரேட்டரைப் பார்க்க ஆள் ஓடும். நான் பாதியாகக் குறைத்து வைப்பேன். அவர் ஆடிப் பார்த்து, "பத்தாதும்மா" என்பார்.

"சார், இவ்ளோ நேரம் நிறுத்தினா அது பாட்டே இல்ல."

"புள்ளத்தாச்சி பொம்பள எறங்கிக்கினு இருக்கும்போதே ரெண்டு விசில் குடுக்க முடியுமாமா? நின்னா ஒழுங்கா நிக்கணும்."

இடைவெளியை நீட்டினேன். என் தொழில் கர்வத்துக்கு அது ஒரு குத்து. ஆனால் அவர் அந்த இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, இரண்டு விசில் கேட்டதும் கிளம்புகிற அழகைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு அந்த மனிதரையே ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. என் அப்பா என் கல்யாணத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து செலவைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர். மகள் கையைப் பிடித்து ஆடுவதற்காக நொண்டிக்கொண்டே ஊரைக் கடந்து வருகிற ஓர் அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புது ஷூ

பாட்டு முடிகிற தறுவாயில் இருந்தது. கடைசியாக வந்த அன்று, "நாளைக்குக் கல்யாண ஷூ போட்டுக்கினு வரேன். அதுல கால் திரும்புதான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆளுக்காக நான் வேறொரு வேலையைத் தள்ளி வைத்திருந்தேன். கல்யாண வீட்டு அலைச்சல் என்று நினைத்து, வந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க எங்க ஏழுமல அண்ணன் வந்துக்கினு இருந்த ஊடுதானே? தெரியாதா உங்களுக்கு? காய்ச்சல்னு படுத்தாரு. நேத்து காலைல போயிட்டாரும்மா. இன்னிக்கு எடுக்கறாங்க."

இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. பஸ் மாறி ஏனாத்தூர் போனேன். உள்ளே போகிற உரிமை எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை, அதனால் தெருமுனையிலேயே நின்றேன். மோளம் அடித்தார்கள். சொந்தக்காரர்கள், பழைய டிரைவர்கள், காக்கிச் சட்டையைக் கழற்றாமல் டூட்டியிலிருந்து நேராக வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். அதே துள்ளல். அதே சாய்வு. என் கம்ப்யூட்டரில் பல நாள் கஷ்டப்பட்டுச் செய்த தாளம் அங்கே புழுதியில் தானாக நடந்துகொண்டிருந்தது. அவர் மட்டும்தான் ஆடவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். யாரென்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அந்த ஃபைலைத் திறக்க மனம் வரவில்லை.

நாற்காலி

அதற்குப் பிறகுதான் அவர் மனைவி சரோஜாம்மா என் வாசலில் வந்து நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில், ஒரு கண்டக்டர் வெகுளியாகச் சொன்னாராம். அண்ணன் தினமும் மத்தியானம் செவிலிமேடு ஸ்டாப்பில் இறங்குவார் என்று. இன்னொருவர், ஆமாம், என் வண்டியில்தான் திரும்பி வருவார், சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும் என்றாராம். இலையில் சோறு இருக்க, அந்த அம்மா பரிமாறுகிற கரண்டியோடு நின்றிருக்கிறார். பாவம் மனிதர். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். ஊரிலுள்ள பஸ் பூராவும் சிநேகிதர்களை வைத்துக்கொண்டு, எந்த ஸ்டாப்பில் இறங்கினோம் என்பதை ரகசியமாக வைத்திருக்க முடியும் என்று நம்பியிருக்கிறார்.

வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாங்கியவர் போய்விட்டார். என் எதிரே ஒரு பெண், கணவன் செத்ததற்கு முழுதாக அழக்கூட முடியாமல், சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டைப் போட்டேன்.

முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிக் விழுந்தது, உடுக்கை துள்ளியது. பிறகு அந்த ஒற்றை விசில்.

சரோஜாம்மா எழுந்துவிட்டார். வாசலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விசில் வந்து, எல்லாமாகச் சேர்ந்து இறங்கிய பாட்டின் நடுவே, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் நீல டேப்பால் நான் போட்டிருந்த இரண்டு பெருக்கல் குறிகளையும் காட்டினேன். ஒன்று அவர் நிற்க வேண்டிய இடம். இன்னொன்று பவித்ராவின் இடம்.

"பொண்ணு எடத்துல நீ நின்னியா?"

"இல்லம்மா. நான் பாட்டப் பாக்கணுமே. அந்த நாற்காலிதான் பவித்ரா. அதும் மேல என் துப்பட்டாவப் போட்டு, அதோட முனையப் புடிச்சிக்கினு ஆடுவாரு."

பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். உதடு கோணி, சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. "நாற்காலியோட ஆடிக்கினு இருந்தானா கெழவன். நான் இன்னா இன்னாவோ நெனச்சி, படத்துக்குப் பூ கூடப் போடாம வந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அருகில் போய் உட்கார்ந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன்.

அப்புறம் மறுபடி போடச் சொன்னார். அதன்பின் இன்னொரு முறை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கல்யாணத்தத் தள்ளிப் போடல" என்றார். "வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. இத அங்க போடுமா. ஆனா விசில எடுத்துடு. எம்பொண்ணு அத்தக் கேட்டான்னா மேடைலயே ஒடஞ்சி பூடுவா. சின்னதுல அவங்கப்பா வண்டி ரெண்டு தெரு தள்ளி வரும்போதே விசில வெச்சிச் சொல்லிடுவா."

விசிலை எடுத்தேன். எடுப்பது சுலபம், ஒரு பட்டன். அது இல்லாமல் அந்த நிசப்தம் ஏதோ தவறு நேர்ந்த இடம் போல் இருந்தது. இடைவெளியையும் வெட்டி ஒட்டினேன். பாட்டு எங்கும் தடுக்காமல், ஊரில் ஓடுகிற எந்தப் பாட்டையும் போல, வழவழவென்று ஓடியது. ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மறுபடி இடைவெளியை இருந்தபடியே திரும்ப வைத்தேன். அவர் மூச்சு வாங்க விட்ட இடம். அதையும் நான் வெட்டிவிட்டால் அவர் அங்கே இருந்ததற்கு என்ன மிச்சம்?

கடைசி வரிசை

மண்டபம் பெரிய காஞ்சிபுரத்தில். துக்கம் நடந்த வீடு என்பதால் டிஜே கிடையாது, கச்சேரி கிடையாது. "ஒரே ஒரு பாட்டுமா. வந்து போட்டுட்டுச் சாப்ட்டுப் போ. பவித்ரா பெரியப்பாகிட்ட நான் பேசிக்கினேன்" என்று சரோஜாம்மா போனில் சொல்லியிருந்தார். ஒரே ஒரு பாட்டுக்காக ஸ்பீக்கர் கட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மேடையில் பவித்ராவும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும். சரோஜாம்மா கடைசி வரிசையில், பந்திக்குப் போகிற கதவோரம், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே உட்காரச் சொன்னது யாரும் இல்லை. சொல்லாமலே போய் உட்கார்ந்துகொள்ளும்படி நம்முடைய பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க அப்பா உனக்கோசரம் செய்யச் சொன்ன பாட்டு" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. பவித்ரா அசையாமல் கேட்டாள். தோழிகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மெல்ல ஆடத் தொடங்கினாள். அந்தத் தள்ளாடுகிற கைதட்டல் தோழிகளுக்குப் பிடிபடவில்லை, தடுமாறினார்கள். அவளுக்கு மட்டும் உடனே பிடிபட்டது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் அவள் உடம்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்கே தெரியாமல் அப்பாவைப் போல ஆடிக்கொண்டிருந்தாள்.

இடைவெளி வந்தது. பாட்டு நின்றது.

எல்லாரும் நின்றார்கள். "இன்னாபா, கரண்ட்டா?" என்று யாரோ கேட்டார்கள். பவித்ரா தூக்கிய கையை இறக்காமல், எதையோ எதிர்பார்ப்பவள் போலப் பக்கவாட்டில் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் என் தைரியம் போய்விட்டது. பாட்டு மறுபடி இறங்குவதற்கு முன் நிறுத்துகிற பட்டனை அழுத்திவிட்டேன். இத்தோடு நிறுத்திவிடலாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. நிசப்தம் நீண்டது. பெரியப்பா என்னைப் பார்த்துக் கையால் என்னவென்று கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து இரண்டு விசில் வந்தது.

பித்தளை விசில். காதைக் கிழிக்கிற விசில். மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சரோஜாம்மா எழுந்து நின்றிருந்தார். மஞ்சள் கயிறு அவர் விரலில் சுற்றியிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டு விசில் கேட்ட டிரைவர் வண்டியை எடுப்பது போல என் விரல் பட்டனை அழுத்தியது. பாட்டு மொத்தமாக இறங்கியது.

பவித்ரா கொஞ்ச நேரம் நகரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். உடைந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு சாய்ந்தாள். வலது காலை எடுத்து வைத்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கண்ணை அந்தக் கடைசி வரிசையிலிருந்து எடுக்காமல், பாட்டு முடிகிறவரை ஆடினாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சரோஜாம்மா தாம்பூலப் பையோடு வந்தார். கூட்டம் பந்திக்குப் போயிருந்தது. விசில் மறுபடி மஞ்சள் பைக்குள் போயிருந்தது. நான் கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"விசில் வேணாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. ஊதறதா இருந்தா, நிக்கிற விசிலையும் ஊதியிருக்கலாமே. அவரு அத மொதல்ல ஊதுவாரு."

தாம்பூலப் பையை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"நின்னதுதான் நின்னு போச்சேமா. கெளம்பறதுக்குத்தானே ஆளு வேணும்."